சம்மதத்தோடா, சம்மதம் இல்லாமலா, அவர் குரலிலா? வாழ்க்கை வரலாறு எழுதக் கிளம்பும் பத்திரிகையாளருக்கு மூன்று வழிகள்

பத்துப் பதினைந்து வருடம் ஒரே பீட் (நிருபருக்கு ஒதுக்கப்பட்ட செய்தித் துறை) பார்த்த நிருபருக்கு இந்தக் குழப்பம் என்றைக்காவது வந்தே தீரும். ஒரு பிரமுகரைப் பற்றி இருநூறு செய்தி எழுதியிருப்பார். எழுத முடியாமல் நோட்டிலேயே தங்கிப்போனது அதைவிட அதிகம். "இதை ஒரு புத்தகமா எழுதித் தாங்களேன்" என்று ஒரு பதிப்பாளர் கேட்கிறார். சொல்லிவைத்தது போல அந்தப் பிரமுகரின் உதவியாளரும் போன் செய்கிறார்: "ஐயா தன் வாழ்க்கையை எழுத ஆள் பார்த்துக்கிட்டிருக்கார். உங்க பேரைச் சொன்னார்."

எதற்குத் தலையாட்டுவது? இருப்பவை மூன்று வழிகள். பிரமுகரின் சம்மதத்தோடு, அவர் காகிதங்களைப் பார்த்து, உங்கள் பெயரில் எழுதுவது ஒன்று. அவரைக் கேட்காமலோ அவர் மறுத்த பிறகோ எழுதுவது இன்னொன்று. மூன்றாவது, 'நான்' என்று அவரே சொல்வது போல அவருடைய சுயசரிதையை எழுதிக் கொடுப்பது. இதைத்தான் கோஸ்ட் ரைட்டிங் என்கிறோம்.

எதில் காசு, எதில் பெயர் என்றுதான் பலரும் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கைப்பிரதியில் கடைசியாகப் பேனா வைக்கப்போவது யார்? இதைத் தீர்க்காமல் போட்ட கணக்கு பாதி வழியில் உடைந்துவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

கடைசிப் பேனா. 'படித்துப் பார்ப்பது', 'தகவல் பிழை சொல்வது', 'ஒப்புதல் தருவது' என்பவை மூன்று தனித்தனி உரிமைகள். பேச்சில் மூன்றையும் "ஒரு தடவை பார்த்துட்டுக் குடுத்துடறோம்" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்குச் சரி என்று சொன்னவர்கள் பிறகு ஓர் அத்தியாயத்தையே இழந்திருக்கிறார்கள்.

வாசல். யார் பேசுவார்கள், எந்தப் பெட்டி திறக்கும்? பிரமுகர் சம்மதித்தால் அவரைச் சுற்றியிருக்கும் ஐம்பது பேரும் வாய் திறப்பார்கள். ஐம்பது பேரும் ஒரே கதையைச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

நாளும் பணமும். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். ஒரு சாதாரண ஒற்றைத் தொகுதிக்கு 60 பேரிடம் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 90 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் தட்டி எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். மொத்தம் 360 முதல் 540 மணி நேரம். நாளைக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தாலும் 60 முதல் 90 நாள். மென்பொருளிடம் கொடுத்தால் குறையும், ஆனால் ஆட்பெயர், ஊர்ப்பெயர், வட்டார வழக்கு மூன்றையும் அது கெடுத்து வைத்திருக்கும். ஒலியைக் கேட்டு ஒப்பிட்டே ஆக வேண்டும். அடுத்தது எழுத்து. நாளுக்கு 500 சொல் தேறினால் 80,000 சொல்லுக்கு 160 நாள். இதில் ஆவணக் காப்பகத்தில் செலவாகும் மாதங்கள் இல்லை, இரண்டாம் மூன்றாம் திருத்தம் இல்லை, தகவல் சரிபார்ப்பு இல்லை. முழுநேரமாகச் செய்தால் இரண்டரை வருடம், வேலையில் இருந்துகொண்டு செய்தால் அதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

'நியூஸ்டே' நாளிதழின் நிருபராக இருந்த ராபர்ட் காரோ, நியூயார்க் நகரத்தின் பாலங்களையும் சாலைகளையும் கட்டி ஆண்ட ராபர்ட் மோசஸ் பற்றிய புத்தகத்தை ஒன்பது மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். ஏழு வருடம் ஆயிற்று. பதிப்பகம் பேசிய 5,000 டாலர் முன்பணத்தில் கையில் வந்தது 2,500தான். நடுவில் வீட்டை விற்றார்கள். 1974இல் புத்தகம் வந்தபோது, பத்து லட்சம் சொல்லைத் தாண்டிய கைப்பிரதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தார்கள்.

முன்பணம் என்பது மொத்தமாக வராது. கையெழுத்துப் போடும்போது ஒரு பகுதி, கைப்பிரதி ஏற்கப்பட்டதும் ஒரு பகுதி, வெளியானதும் மீதி. 'கொடுத்ததும்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா, 'ஏற்கப்பட்டதும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம் போகலாம். பயணம், புகைப்பட அனுமதி, நூலின் கடைசியில் வரும் சொல்லடைவுத் தயாரிப்பு, சில இடங்களில் வழக்கறிஞர் பார்வை என எல்லாம் ஆசிரியர் தலையில் விழுவது வழக்கம். முன்பணத்தை மாதங்களால் வகுக்கும் முன் இவற்றைக் கழியுங்கள்.

சட்டம். அவதூறு, அந்தரங்கம், பதிப்புரிமை மூன்றும் சேர்ந்து வரும். பெரும்பாலான பதிப்பக ஒப்பந்தங்களில் வழக்கு வந்தால் இழப்பை ஆசிரியர் ஈடுசெய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். உங்கள் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு கேட்பதும், பதிப்பகத்தின் காப்பீட்டில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கைகள்.

பிறகு என்ன. புத்தகம் வந்த பின் உங்களுக்குத் தகவல் தந்த பழைய சோர்ஸ்கள் போன் எடுப்பார்களா? அடுத்த புத்தகத்துக்கு யாராவது கதவைத் திறப்பார்களா?

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சம்மதத்தோடு | சம்மதம் இல்லாமல் | கோஸ்ட் ரைட்டிங் |
|---|---|---|---|
| கடைசிப் பேனா | கடிதத்தில் எழுதியபடி | உங்களுடையது (வழக்கறிஞர் குறுக்கே வரலாம்) | முழுக்க அவருடையது |
| கிடைக்கும் காகிதம் | குடும்பப் பெட்டிகள், நாட்குறிப்பு, கடிதங்கள் | பொது ஆவணம், நீதிமன்றக் கோப்பு, மற்றவர் வீட்டுக் கடிதங்கள் | அவர் எடுத்துக் கொடுப்பது மட்டும் |
| தோராயமான காலம் | 2–4 வருடம் | 3–7 வருடம் | 8–18 மாதம் |
| பணம் | முன்பணம், ராயல்டி (விற்பனையில் பங்கு) | முன்பணம், ராயல்டி. இழுக்கும் வருடங்கள் உங்கள் செலவு | தவணைக் கட்டணம், சில சமயம் பங்கு |
| பெரிய ஆபத்து | பாசம், பாதியில் பூட்டப்படும் கதவு | வழக்கு, மேற்கோள் உரிமை, தீராத தேடல் | அவர் பின்வாங்குவது, வாய்ப்பூட்டு ஒப்பந்தம் |
| பின்னால் | அவர் ஆள் என்ற முத்திரை | சில கதவுகள் நிரந்தரமாக மூடும் | பெயர் இல்லை, தொழில் வட்டத்தில் மட்டும் மதிப்பு |

## சம்மதத்தோடு எழுதுவது

இதில் இரண்டு வகை இருப்பதை மறந்துவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒத்துழைப்பு உண்டு, கட்டுப்பாடு இல்லை என்பது ஒரு வகை. ஒத்துழைப்பும் உண்டு, ஒப்புதலும் வேண்டும் என்பது மற்றது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அட்டை.

'டைம்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வால்டர் ஐசக்சன், 2011இல் வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் வரலாற்றை முதல் வகையில் எழுதினார். ஜாப்ஸே கேட்டு எழுத வைத்தது. நாற்பது தடவைக்கு மேல் உட்கார்ந்து பேசினார், தன்னைப் பிடிக்காதவர்களிடமும் பேசச் சொன்னார், எழுதியதை முன்கூட்டிப் படிக்கும் உரிமையையும் கேட்கவில்லை. அட்டைப்படத்தில்தான் தலையிட்டார். இப்படி ஒரு ஏற்பாடு வாய்த்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

இரண்டாவது வகையை எடுப்பதும் தப்பில்லை, அது என்ன என்று தெரிந்து எடுத்தால். ஒரு நிறுவனத்தின் நூற்றாண்டு மலருக்கோ, ஒரு குடும்பத்தின் நினைவுக்கோ எழுதிக் கொடுப்பது நேர்மையான வேலை. அதை 'ஆய்வு' என்று சொல்லி விற்கும்போதுதான் சிக்கல்.

மறைவான செலவுகளில் முதலாவது பாசம். இருபது முறை ஒருவர் வீட்டில் சாப்பிட்ட பின் அவருடைய முதல் மணவாழ்க்கையைப் பற்றி எழுதக் கை வராது. இதற்கு மருந்து வரிசையை மாற்றுவதுதான். கசப்பான கேள்விகளைக் கடைசிச் சந்திப்புக்கு ஒதுக்கும் செய்தி நிருபரின் பழக்கம் இங்கே உதவாது. ஒரு வருடம் பழகிய பின் அவை கேட்கவே முடியாத கேள்விகளாகிவிடும். மூன்றாவது, நான்காவது சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அவர் எழுந்து போகும் ஆள் என்றால் இரண்டு வருடம் வீணாகும் முன் அது தெரிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் எழுதும் கடிதங்கள். ஜோ மெக்கின்னிஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் ஜெஃப்ரி மெக்டொனால்டோடு புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டு, அவருடைய வக்கீல்களோடு கூடவே இருந்தார். 1979இல் தண்டனை வந்தது. அவர் குற்றவாளிதான் என்ற முடிவுக்கு வந்த பின்னும் மெக்கின்னிஸ் சிறைக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 1983இல் புத்தகம் வந்தது, மெக்டொனால்ட் வழக்குப் போட்டார். புத்தகத்தில் இருந்த தகவலை விட அந்தக் கடிதங்கள்தான் நீதிமன்றத்தில் கனத்தன. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் போக, 1987இல் 3,25,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பிரமுகருக்கு எழுதும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும், நாளைக்கு ஒரு வக்கீல் உரக்கப் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். "உங்கள் பக்க நியாயத்தை உலகம் அறியட்டும்" போன்ற வரி வேண்டவே வேண்டாம். "நீங்கள் சொல்வதை முழுமையாகக் கேட்டுக்கொள்கிறேன்" போதும்.

வாசல் திறந்தால் மனிதர் கிடைத்துவிடுவார் என்பதும் உறுதியில்லை. ரொனால்ட் ரீகனின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் எட்மண்ட் மோரிஸ் (அவர் நிருபராக இருந்தவர் இல்லை) 1985 முதல் வெள்ளை மாளிகைக்குள் நடமாடினார். ஆள் பிடிபடவே இல்லை. 1999இல் வந்த புத்தகத்தில், ரீகனைச் சின்ன வயதிலிருந்து பார்த்ததாகச் சொல்லும் ஒரு கற்பனைக் கதைசொல்லியையே உள்ளே வைத்துவிட்டார். பதினான்கு வருட உழைப்பைப் பற்றிய பேச்சு அந்த ஒரு கற்பனையைச் சுற்றியே நின்றது.

### முதல் பேட்டிக்கு முன் வாங்க வேண்டிய கடிதம்

இரண்டு பக்கம் போதும், ஆனால் இவை இருக்க வேண்டும்:

1. உரையின் உள்ளடக்கத்தில் முடிவெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே.
2. பிரமுகர் படித்துப் பார்ப்பதானால் தகவல் பிழைகளை மட்டும் எழுத்தில் சொல்லலாம், அதற்கு 21 நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் பிழை இல்லை என்று பொருள்.
3. கடிதங்கள், நாட்குறிப்புகள், படங்களை மேற்கோள் காட்டவும் அச்சிடவும் அனுமதி. 'பார்க்க அனுமதி' வேறு, 'அச்சிட அனுமதி' வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும்.
4. ஒலிப்பதிவுகள் ஆசிரியருக்குச் சொந்தம்.
5. குறிப்பிட்ட காலத்துக்கு வேறு ஒருவருக்கு இதே காகிதங்களைத் தருவதில்லை.
6. ஒத்துழைப்பை நடுவில் நிறுத்தினாலும், அதுவரை தந்ததைப் பயன்படுத்தும் உரிமை தொடரும்.
7. இது வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.

ஏழாவதைத் தயங்காமல் கேளுங்கள். வரலாறு எழுதச் சொல்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர் நடுவில் காலமானால், இதுவரை டீ கொடுத்துக்கொண்டிருந்த மகன் அன்றிலிருந்து எதிர்த்தரப்பு. தாங்க முடியாத தர்மசங்கடமாகத் தோன்றினால் பதிப்பாளரின் வழக்கறிஞர் பெயரில் கேட்க வையுங்கள்.

## சம்மதம் இல்லாமல் எழுதுவது

கடைசிப் பேனா உங்கள் கையில். அதற்கு விலை, ஒவ்வொரு கதவையும் நீங்களே தட்ட வேண்டும்.

எப்படித் தட்டுவது என்பதற்கு மறுபடியும் காரோதான் நல்ல பாடம். மோசஸ் தன்னைச் சேர்ந்தவர்கள் யாரும் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். காரோ ஒரு தாளில் நடுவில் மோசஸைப் புள்ளியாக வைத்து, சுற்றிலும் வட்டங்கள் போட்டார். உள்வட்டத்தில் குடும்பம், அடுத்து நண்பர்கள், அதற்கு வெளியே கூட வேலை செய்தவர்கள், கடைசியில் எப்போதோ ஒரு தடவை பார்த்தவர்கள். வெளிவட்டத்திலிருந்து ஆரம்பித்தார். அவ்வளவு தூரத்துக்கு எந்தத் தடையும் எட்டாது. ஐநூற்றுக்கும் மேற்பட்ட பேட்டிகள். ஒரு கட்டத்தில் மோசஸே கூப்பிட்டு ஏழு முறை பேசினார். காரோ உண்மையான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்ததும் கதவு சாத்தியது. மோசஸின் கோப்புகளுக்கு வழி இல்லையே என்றிருந்தபோது, அவற்றின் கார்பன் நகல்கள் ஹட்சன் நதியோரம் படகுத்துறையை ஒட்டிய ஒரு கிடங்கில் கிடப்பதாக இன்னொரு நிருபர் சொன்னார்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பிரமுகர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது. பெற்றவர் வீட்டில் இருக்கும். அலுவலகக் கடிதம் என்றால் இன்னொரு அலுவலகத்தின் வரவுக் கோப்பில் இருக்கும். சொத்துப் பதிவு, விவாகரத்து வழக்கு, தேர்தல் பிரமாணப் பத்திரம், நிறுவனப் பதிவாளர் தாக்கல்கள், சபை நடவடிக்கைக் குறிப்பு என எதற்கும் அவர் சம்மதம் தேவையில்லை.

பேட்டிகளை எடை போடுவதில்தான் அனுபவம் தெரியும். "அவர் தோற்ற அன்னைக்கு ராத்திரி அறையில அவரும் நானும் மட்டும்தான்" என்று மூன்று பேர் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, மூன்று வேறு இரவுகளாக இருக்கலாம், அல்லது ஒருவர் பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கலாம். இதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே காலவரிசைத் தாள் வேண்டும். தேதி, இடம், நடந்தது, சொன்னது யார், அவர் நேரில் கண்டாரா கேட்டாரா, எப்போது சொன்னார், எதிர்க்கூற்று என்று ஏழு பத்தி போட்டால் போதும். அடுத்த நாள் செய்தித்தாள் படத்தில் நிற்பவர் யார், பயண நிரல் என்ன சொல்கிறது என்று பார்த்தால் மூன்றில் இரண்டு கதைகள் தானாக வேறு தேதிக்கு நகர்ந்துவிடும். தாளில் வரிகள் ஆயிரத்தைத் தாண்டும் வரை அத்தியாயம் எழுத உட்காராதீர்கள்.

சட்டத்தில் நிருபர்கள் பயப்படுவது அவதூறுக்கு. சறுக்குவதோ பதிப்புரிமையில். கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். நூலகத்தில் பார்வைக்கு இருப்பதாலேயே அச்சிட முடியாது. எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் பற்றி எழுதிய இயன் ஹாமில்டன், பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த அவருடைய கடிதங்களிலிருந்து மேற்கோள் காட்டினார். சாலிஞ்சர் தடுத்ததும் நேரடி மேற்கோள்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டுத் தன் சொற்களில் மாற்றி எழுதினார். அந்த மாற்றி எழுதியதும் மூலத்தை நெருங்கி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி 1987இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவிட்டது. தேடி அலைந்த கதையாக மாற்றித்தான் 1988இல் வெளியிட முடிந்தது. 1992இல் அமெரிக்கச் சட்டம் சற்றுத் தளர்ந்தது, வெளியாகாத எழுத்து என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமல் அளவோடு எடுத்தாளும் உரிமை) மறுக்கப்படாது என்று திருத்தினார்கள். ஆனாலும் பழக்கம் ஒன்று உதவும். கடிதத்திலிருந்து *தகவலை* எடுங்கள், *நடையை* எடுக்காதீர்கள். எந்தத் தேதியில், எங்கிருந்து, யாரிடம் கடன் கேட்டார் என்பது தகவல். எப்படிக் கேட்டார் என்ற வாசகம் அவருடையது.

அவதூறும் அந்தரங்கமும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1994இல் 'ஆட்டோ சங்கர்' வழக்கில் (ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு) ஒரு கோடு போட்டது: பொது ஆவணத்தில் உள்ளதைச் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் வழக்குக்கு இடம் உண்டு. இறந்தவரைப் பற்றி எழுதினால் பயமில்லை என்ற நம்பிக்கை இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பொருந்தும். இந்தியக் குற்றவியல் சட்டத்திலோ, குடும்பத்தாரின் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கோடு இறந்தவர் மேல் பழி சுமத்துவதும் அவதூறாகலாம். வழக்கறிஞரிடம் கைப்பிரதியைக் கொடுக்கும்போது வெறும் உரையைக் கொடுக்காதீர்கள். சர்ச்சைக்குரிய ஒவ்வொரு வரிக்கும் ஆதார எண் போட்டு, அந்த ஆதாரங்களை அதே வரிசையில் கோப்பாக்கிக் கொடுங்கள். பாதி வரிகள் தப்பிப்பது இந்தக் கோப்பால்தான்.

மிரட்டலும் வரும். அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவைப் பற்றிக் கிட்டி கெல்லி என்ற எழுத்தாளர் எழுத ஆரம்பித்த நிலையிலேயே, 1983இல், சினாட்ரா 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மறு வருடம் அவரே திரும்பப் பெற்றார், 1986இல் புத்தகம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பேச இருந்தவர்களில் எத்தனை பேர் பின்வாங்கியிருப்பார்கள் என்பதுதான் இப்படிப்பட்ட வழக்கின் கணக்கு. அதனால் திட்டத்தை வெளியே சொல்லும் முன், பயப்படக்கூடியவர்களிடம் முதலில் பேசி முடித்துவிடுவது நல்லது. வெளிவட்டத்தில் ஆரம்பிக்கும் விதிக்கு இது ஒரு விலக்கு.

சம்மதத்தோடு, சம்மதம் இல்லாமல் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தும் உண்டு. ஆண்ட்ரூ மார்ட்டன் 1992இல் வெளியிட்ட இளவரசி டயானாவின் வரலாறு வெளியாரின் புத்தகமாகவே வந்தது. உள்ளே இருந்தது டயானாவே ஒலிநாடாவில் பேசியது. கேள்விகளும் நாடாக்களும் ஒரு நண்பர் கைவழியாகப் போய் வந்தன. ஐந்து வருடம், அவர் இறக்கும் வரை, மார்ட்டன் அதைச் சொல்ல முடியவில்லை. கட்டிக்கதை என்ற ஏச்சை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. மறைமுக ஒத்துழைப்பை ஏற்பவர் அந்த ஏச்சையும் சேர்த்தே ஏற்கிறார். நாடாக்களைப் பத்திரமாக வைப்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

## அவர் குரலில் எழுதுவது

கோஸ்ட் ரைட்டிங்கைத் தாழ்வாகப் பேசுவது வழக்கம். ஆனால் 2000இல் புலிட்சர் பரிசு பெற்ற நிருபர் ஜே. ஆர். மோரிங்கர்தான் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசிக்கும் இளவரசர் ஹாரிக்கும் எழுதிக் கொடுத்தவர். அகாசி அட்டையில் பெயர் போடலாம் என்றபோது வேண்டாம் என்றவரும் அவர்தான். காது உள்ளவனுக்கான வேலை இது.

கணக்கும் தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேர அமர்வுகள் இருபத்தைந்து, மொத்தம் 50 மணி நேரம். நிமிடத்துக்கு நூறு சொல் வைத்தால் மூன்று லட்சம் சொல். அதில் புத்தகத்துக்குத் தேறுவது நாலில் ஒரு பங்கு. முதல் பத்து மணி நேரத்தில் அவர் மேடையில் ஏற்கனவே சொன்ன கதைகள்தான் வரும், அதற்குப் பிறகுதான் மனிதர் பேச ஆரம்பிப்பார். ஆகவே பத்து மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று உதவியாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் உட்காரவே மாட்டார் என்றால்? டோனி ஷ்வார்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் 1987இல் வந்த புத்தகத்தை டொனால்ட் டிரம்ப்புக்கு எழுதியபோது, பேட்டியில் அவர் நிலைகொள்ளாததால், அலுவலகத்தில் கூடவே உட்கார்ந்து தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். முன்பணத்திலும் ராயல்டியிலும் சரிபாதி, அட்டையில் பெயர் என்று நல்ல பேரம். 2016இல் அதை எழுதியதற்காக வருந்துவதாகவும் சொன்னார். பணத்தைப் பேசிவிடலாம். எழுதிக் கொடுத்த ஆள் முப்பது வருடம் கழித்து என்ன ஆவார் என்பதைப் பேசி வைக்க முடியாது.

பெரிய சேதம் பின்வாங்குவதில். நாவலாசிரியர் ஆண்ட்ரூ ஓ'ஹேகன், விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சுக்கு எழுதிக் கொடுத்தார். அசாஞ்ச் மனம் மாறி விலகினார், முன்பணமோ வழக்குச் செலவில் கரைந்திருந்தது. பதிப்பகம் 2011இல் அவர் விருப்பத்துக்கு எதிராக அந்த வரைவை வெளியிட்டது. தன்னுடைய சொந்த சுயசரிதைக்கே சம்மதம் தராதவர் என்ற விசித்திரம் அப்படித்தான் வந்தது. உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை: கட்டணம் நான்கு தவணை (கையெழுத்து, பாதி ஒலிப்பதிவு, முதல் வரைவு, இறுதி வரைவு), எந்தக் கட்டத்தில் அவர் நிறுத்தினாலும் அதுவரையிலான தவணை திருப்பித் தரப்படாது, திருத்தம் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம், அவர் சொன்ன தகவல்களின் உண்மைக்கு அவரே பொறுப்பு.

வாய்ப்பூட்டுப் பிரிவை வரிக்கு வரி படியுங்கள். 'இவரைப் பற்றியும் இவரது நிறுவனங்கள் பற்றியும் எங்கும் எழுத மாட்டேன்' என்று இருந்தால், உங்கள் பீட்டையே விற்றுவிட்டீர்கள். 'இந்த அமர்வுகளில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவற்றை' என்று சுருக்கச் சொல்லுங்கள். முன்பே உங்களுக்குத் தெரிந்தவற்றைத் தேதியிட்டு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

## யாருக்கு எது பொருந்தும்

அந்தப் பிரமுகர் இன்னும் அதிகாரத்தில் இருக்கிறார், நீங்கள் அவர் பீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால் மூன்றும் வேண்டாம். சம்மதத்தோடு எழுதினால் உங்கள் செய்திகள் செல்லாது, சம்மதம் இல்லாமல் எழுதினால் செய்தியே வராது. பீட் மாறிய பிறகு ஆரம்பியுங்கள். காரோ அடுத்து எடுத்த முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1973லேயே இறந்துவிட்டவர். நான்கு தொகுதிகள் 1982 முதல் 2012 வரை வந்தன. ஜான்சன் நூலகத்தில் இருக்கும் காகிதம் மட்டும் 4.5 கோடிப் பக்கம். காகிதம் திறந்துவிட்டது, பேசக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற அந்தப் பத்து இருபது வருட இடைவெளிதான் வாழ்க்கை வரலாற்றுக்கு நல்ல பருவம்.

முதல் புத்தகம், சேமிப்பு ஒரு வருடத்துக்குத்தான் என்றால், கோஸ்ட் ரைட்டிங் ஒன்றை முதலில் செய்யலாம். நீண்ட உரையை எப்படிக் கட்டுவது என்று அது சம்பளத்தோடு கற்றுத்தரும். இருபது பக்கக் கட்டுரை எழுதியவருக்கு முந்நூறு பக்கம் எங்கே தொய்யும் என்று தெரியாது.

குடும்பம் காகிதங்களை வைத்திருக்கிறது, வேறு எங்கும் பிரதி இல்லை என்றால் சம்மத வழிதான், மேலே சொன்ன கடிதத்தோடு. கடிதத்துக்கு மறுத்தால், அவர்கள் ஒப்புதலோடு எழுதும் இரண்டாம் வகைக்குக் கட்டணம் பேசுங்கள், அட்டையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆவணம் பெரும்பாலும் பொதுவில் இருக்கிறது, பிரமுகர் தன் கதையை ஏற்கனவே நான்கு விதமாகச் சொல்லிவிட்டார் என்றால் சம்மதம் இல்லாமலே போகலாம். அப்படிப் போனாலும் பேட்டிக்கான வேண்டுகோளை எழுத்தில் அனுப்பி, கைப்பிரதி முடியும் தறுவாயில் குறிப்பான கேள்விகளையும் அனுப்பி, பதிலுக்கு நாள் கொடுங்கள். அவர் மௌனமாக இருந்தாலும் அந்த அஞ்சல் ரசீது பின்னாளில் பேசும்.

வேலையை விடும் முன் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். புத்தகத்தின் முதுகெலும்பு உங்கள் பழைய பேட்டிகள்தான் என்றால், அவை யாருடையவை? அமெரிக்காவில் சம்பளத்துக்கு எழுதியது பொதுவாக நிறுவனத்தின் சொத்து. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், பத்திரிகையில் வெளியிடுவதற்கான உரிமை முதலாளிக்கு, மற்றபடி எழுதியவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது, வேலை ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் வேறு மாதிரிதான் சொல்கின்றன. நோட்டுகள், ஒலிப்பதிவுகள், வெளியான கட்டுரைகள் மூன்றையும் புத்தகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நிர்வாகத்திடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜினாமா கொடுக்கும் முன் கேட்டால் ஒரு மாலையில் கிடைக்கும். கொடுத்த பிறகு கேட்டால் சட்டப் பிரிவுக்குப் போகும்.